சேர்க்கையும் ஈர்ப்பும்

மன்னாரின் வரலாற்றை எழுதியோர் முத்தை எழுதினர், கோட்டையை எழுதினர், மாதோட்டத் துறையையும் திருக்கேதீச்சரத்துப் பதிகங்களையும் எழுதினர். 1544 இல் சங்கிலி மன்னனின் ஆணையால் மடிந்த கத்தோலிக்க மக்களை எழுதினர். 1914 இல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற் பாதையை எழுதினர். 1990 ஒக்டோபரில், உடுத்த உடையோடு தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் துயரையும், காலந்தாழ்ந்தேனும், எழுதத் தொடங்கியுள்ளனர். இவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் இத்தீவில் மணம் என்னும் வாயிலைக் கடக்க மனமின்றி வாழ்ந்து மறைந்தோரைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. கோயிற் பதிவேட்டில் ஞானஸ்நானம் உண்டு, திருமணம் உண்டு, மரணம் உண்டு. நடுவிலுள்ள கட்டம் வெறுமையாயிருந்தால் அதற்குக் காரணம் எழுதும் வழக்கம் இல்லை.

இவ்வெறுமையைப் பற்றி எண்ண என்னைத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன். உயர்தர வகுப்பில் தமிழ் கற்றவன். பதினெட்டு வயது நிறைந்தவன். இப்போது பாடசாலையை விட்டு நீங்கிவிட்டான். இதனை எழுத அவனுடைய ஒப்புதலைப் பெற்றுள்ளேன். கட்டுரைக் கொப்பியின் கடைசித் தாளில், மடித்து ஒட்டிய நிலையில், அவன் எழுதியிருந்தது இது: “ஓரினச்சேர்க்கையாளன் என்று என்னை நான் இரண்டு ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். என் மனம் பெண்களிடம் செல்வதில்லை. நண்பன் ஒருவனிடமே செல்கிறது. ஆனால் சேர்க்கை என்று அந்தச் சொல் சொல்வதில் எனக்கு நாட்டம் இல்லை. எவரிடத்தும் இல்லை. அப்படியானால் நான் அதுவுங்கூட இல்லையா?”

தமிழாசிரியனாகையால் என் கண் முதலில் சொல்லின்மேற் சென்றது. ஓரினச்சேர்க்கை என்ற சொல்லை நாம் செய்தித்தாள்களிலும் சட்ட நூல்களிலும் பல்லாண்டுகளாக வழங்கி வருகிறோம். அது ஒரு செயலின் பெயர். ஒரு மனிதனின் நெஞ்சு எத்திசை நோக்கிச் சாய்கிறது என்பதை அது கூறவில்லை. அவன் என்ன செய்தான் என்பதை மட்டுமே கூறுகிறது. கள்வன், கொலைஞன் என்பன போலச் செயலை வைத்து ஆளை அளக்கும் சொல் அது. அச்செயலைச் செய்யாதவனும் செய்ய விரும்பாதவனும் அச்சொல்லுக்குள் நுழைய வழியில்லை. பையனின் குழப்பத்திற் பாதி அவனுடையதன்று; நாம் அவன் கையில் கொடுத்த சொல்லினுடையது.

செயலை மட்டும் எண்ணும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு மன்னாரின் கோட்டையே விடை கூறும். போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்துத் திரும்புகையில் மன்னாரைக் கைக்கொண்டது 1560 இல். அதே ஆண்டில்தான் கோவாவில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பெற்றது. ஆணோடு ஆண் கூடும் பாவமும் அம்மன்றத்தின் விசாரணைக்கு உட்பட்டது. 1658 இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்களது உரோமன் டச்சுச் சட்டத்தில் இக்குற்றத்துக்கு மரணமே தண்டனை. தாய்லாந்தின் அயோத்தியாவில் ஒல்லாந்தக் கம்பனியின் தலைவராயிருந்து புகழ்பெற்ற யோஸ்ட் ஸ்கௌட்டன் என்பாரையே, அவர் செய்த தொண்டையெல்லாம் பாராது, 1644 இல் பத்தாவியாவில் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். 1795 இல் பிரித்தானியர் வந்தனர். இந்தியாவுக்கென 1860 இல் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டத்தை மாதிரியாகக்கொண்டு 1883 இல் இலங்கைக்கும் ஒரு தண்டனைச் சட்டக்கோவை செய்தனர். அதன் 365ஆம் பிரிவு இயற்கை ஒழுங்குக்கு மாறான உடற்கூட்டத்தைக் குற்றமாக்கிற்று. 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான ‘பாரதூரமான இழிசெயலை’க் குற்றமாக்கிற்று. முந்தியதற்குப் பத்தாண்டு வரை சிறை. பிந்தியதற்கு இரண்டாண்டு வரை.

மூன்று ஏகாதிபத்தியங்கள், இரண்டு சமயப் பிரிவுகள். ஆனால் கணக்கு ஒன்றே: உடல் என்ன செய்தது? நெஞ்சைப் பற்றி எவரும் வினவவில்லை. குற்றவாளியைத் தேடுவோர்க்கு அது வேண்டியதுமில்லை.

விடுதலை பெற்ற நாடு இச்சட்டத்தை என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1995 இல், 22ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம், 365அ பிரிவு திருத்தப்பட்டது. ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றினர். இதனால் பெண்களும் குற்றத்துக்குள் அடங்கினர். சமத்துவம் நம் நாட்டில் சிற்சில வேளைகளில் இவ்வாறும் வந்து சேர்கிறது! 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தின்கீழ் வந்த வழக்கொன்றில் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஆயினும் சம்மதத்துடன் வயதுவந்தோர் செய்ததற்குச் சிறைத்தண்டனை பொருந்தாதெனக் கருதி, தண்டனையை ஒத்திவைத்தது. 2022 இல், றொசானா பிளேமர் கல்தேரா என்பார் செய்த முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு இச்சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறதென முடிவுசெய்தது. 2023 இல் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த திருத்த மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் அம்மசோதா சட்டமாகு முன்னரே 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இதே மூலத்திலிருந்து பிறந்த 377ஆம் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் வயதுவந்தோரின் சம்மத உறவைப் பொறுத்தமட்டில் செல்லாததாக்கிற்று. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முனைக்குள்ள தூரம் முப்பது கிலோமீற்றர் அளவினதே.

இனி மாணவனின் வினாவுக்கு மீள்வோம். செயலை விடுத்து நெஞ்சைக் குறிக்கும் சொல் எப்போது பிறந்தது? ஐரோப்பாவில் 1869 இல் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர், பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து வெளியிட்ட சிறு நூலில், ஒருபாற் காமத்துக்கான புதுச் சொல்லொன்றை அச்சேற்றினார். பாவி, குற்றவாளி என்றிருந்த இடத்தில் இயல்பால் வேறுபட்ட மனிதன் என்ற கருத்து தோன்றியது. ஆனால் அச்சொல்லும் காமத்தையே நடுநாயகமாக வைத்தது. அதனைத் தாண்டிச் சென்ற ஒருவரைப் பற்றி ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். அவர் வாழ்வு நம் நாட்டோடும் நம் மொழியினரோடும் பின்னியது என்பது ஒரு காரணம். நம்முள் இடதுசாரிகளெனப் பெயர்கொண்டோர் அவரை மறந்தனர் என்பது மற்றொரு காரணம்.

எட்வேட் கார்ப்பென்டர் (1844–1929) கேம்பிரிட்ஜில் ஆசிரியராகவும் குருவாகவும் இருந்து, இரண்டையும் துறந்து, தொழிலாளரோடு வாழச் சென்ற சோசலிசவாதி. செபீல்டு நகருக்கு அண்மையிலுள்ள மில்தோர்ப் என்ற சிற்றூரில் காய்கறி பயிரிட்டும் செருப்புத் தைத்தும் வாழ்ந்தவர். நகரச் சேரியிற் பிறந்த ஜோர்ஜ் மெரில் என்ற தொழிலாளியைத் துணையாகக்கொண்டு, ஊரறியப் பல்லாண்டு ஒரே வீட்டில் இருந்தவர். கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பரானவர் பொன்னம்பலம் அருணாசலம். ஆம், பிற்காலத்தில் 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகி, அதே ஆண்டில் தொழிலாளர் நலனுக்கென இயக்கம் தொடங்கிய அதே அருணாசலமே. கீதையைக் கார்ப்பென்டருக்கு அறிமுகஞ் செய்தவரும் அவரே. அவர் அழைப்பின்பேரில் 1890 இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்தார்; அருணாசலத்தின் வழியாக இராமசாமி என்னும் தமிழ் ஞானியிடம் சில வாரங்கள் பாடங் கேட்டார்; அப்பயணத்தை 1892 இல் நூலாக்கினார்.

ஊர் திரும்பிய கார்ப்பென்டர், 1895 இல் மான்செஸ்டரின் தொழிலாளர் அச்சகத்திற் சிறு நூலொன்றைத் தனிச்சுற்றுக்கென அச்சிட்டார். ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் எழும் அன்பு அதன் பொருள். அவ்வாண்டில்தான் ஒஸ்கார் வைல்டு சிறையிடப்பட்டார். அச்சத்தினால் பதிப்பாளர் கார்ப்பென்டரின் மற்றொரு நூலையே வெளியிட மறுத்தார். சட்டமும் வதந்தியும் இவ்வன்பை உடற்செயலாகச் சுருக்கிவிட்டன என்பதே அவர் வாதத்தின் உயிர். அன்பின் மிகப் பெரும் பகுதி உணர்வைச் சார்ந்தது என்றும், அது உடலோடு எவ்வளவு தொடர்புறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்றும் அவர் வற்புறுத்தினார். தன் வாழ்வில் உடலின்பத்தை மறுத்தவரல்லர் அவர். ஆகவே இதனைத் துறவியின் போதனை என்று தள்ளிவிட இயலாது. ஈர்ப்பு வேறு, சேர்க்கை வேறு என்பதை இத்தீவின் தமிழரொருவரின் நண்பர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே கூறிவிட்டார்.

நம் இயக்கத்தின் வரலாறு இவ்விடத்திற் பெருமைப்படத்தக்கதன்று. 1922 இல் சோவியத் ருஷ்யாவின் புதிய குற்றவியற் சட்டம் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. பத்தாண்டு கழித்து ஸ்டாலினின் ஆட்சியில் அது மீண்டும் குற்றமாயிற்று. 1993 வரை அவ்வாறே நீடித்தது. ‘தாய்’ எழுதிய மாக்சிம் கோர்க்கி 1934 இல் ஒருபால் விருப்பைப் பாசிசத்தோடு சேர்த்துப் பழித்துக் கட்டுரை எழுதினார். அதற்கு ஓராண்டு முன்னர்த்தான், 1933 மே மாதத்தில், பாசிசவாதிகள் பேர்லினில் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட்டின் பாலியல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சூறையாடி அதன் நூல்களைத் தெருவிற் குவித்து எரித்திருந்தனர். கோர்க்கியை நான் இன்றும் வகுப்பிற் போற்றியே பேசுகிறேன். அக்கட்டுரையையும் சேர்த்தே பேசவேண்டும் என்று இப்போது கருதுகிறேன். ‘இது முதலாளித்துவச் சீரழிவு’ என்று நம் தோழர்கள் தேநீர்க் கடையிற் கூறுவதைக் கேட்ட எந்தப் பையனும் இரண்டாம் முறை நம்மிடம் வாய் திறக்கமாட்டான்.

எவரிடத்தும் காமம் தோன்றாதாரைப் பற்றி விஞ்ஞானம் என்ன கூறிற்று? 1948 இல் அமெரிக்கரான அல்பிரட் கின்சி மனிதரை 0 முதல் 6 வரையான அளவுகோலிற் பகுத்தார். ஒரு முனையில் எதிர்பாலை மட்டும் விழைவோர்; மறு முனையில் தன்பாலை மட்டும் விழைவோர். அளவுகோலில் அடங்காத சிலரை அவர் ‘எக்ஸ்’ என்று குறித்து அப்பாற் சென்றார். கணக்கிலே விடை தெரியாத ஒன்றுக்கு இடும் குறி அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த ‘எக்ஸ்’ அப்படியே கிடந்தது. மருத்துவமோ அதனை விருப்பக் குறைவு என்னும் நோயாகவே கண்டது. 2004 இல் கனடிய உளவியலாளர் அந்தனி போகேர்ட், பிரித்தானியாவில் பதினெண்ணாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வொன்றின் தரவை ஆராய்ந்து, நூற்றில் ஒருவர் தமக்கு எவரிடத்தும் காம ஈர்ப்புத் தோன்றியதேயில்லை எனக் கூறியிருப்பதை வெளியிட்டார். 2013 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, தம்மைப் பாலீர்ப்பில்லாதவர் என்று தாமே அடையாளங் காண்போர்க்கு நோய்ப்பெயர் சூட்டலாகாது என்று வரையறுத்தது. அவர்களிலும் பலர் காதல் கொள்வர் என்பதும் இக்காலத்தில் தெளிவாயிற்று. ஒருவர் நெஞ்சு ஆணிடமோ பெண்ணிடமோ செல்லலாம். உடல் அதனைப் பின்தொடராதிருக்கலாம். என் மாணவனின் நிலை அத்தகையதாகவே இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. தடைசெய்யப்பட்ட ஒன்றில் எனக்கு நாட்டமில்லை என்று பதினெட்டு வயதினன் கூறும்போது, அது அவன் இயல்பா, அன்றி அச்சத்தின் வேலையா? மன்னார் போன்ற சிற்றூரில், யாவரும் யாவரையும் அறிந்த இடத்தில், பொலிசுக்கும் பங்கு மக்களுக்கும் சொந்த வீட்டாருக்கும் ஒருங்கே அஞ்சி வாழும் உடல் தன் விருப்பத்தை எவ்வாறு அறியும்? பசியே கேட்காதபடி வளர்க்கப்பட்டவனிடம் உனக்குப் பசியுண்டா என்று கேட்பது போன்றது அது. ஆனால் இதனையே பிடித்துக்கொண்டு, ‘அச்சம் நீங்கினால் ஆசை வந்துவிடும், பொறு’ என்று அவனுக்குக் கூறுவதும் கொடுமையே. ‘கல்யாணமானால் எல்லாம் சரியாகும்’ என்று உறவினர் கூறுவதன் மறுபதிப்பு அது. சட்டத்தின் குற்றம் இங்குதான் மிகப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. அது எத்தனை பேரைச் சிறையிட்டது என்பது ஒருபுறமிருக்க, தன்னைத் தான் அறியும் வழியையே அது கலக்கி விடுகிறது.

மணத்தைப் பற்றியும் கூறவேண்டும். கடற்றொழில் செய்யும் கரையோர ஊர்களில் மகனின் மணம் என்பது வீட்டின் பொருளாதாரம். வள்ளம், வலை, சீதனக் காணி, தங்கைகளின் முறை யாவும் அதிற் கட்டுண்டவை. போரின் இறுதி ஆண்டுகளில், 2007, 2008 காலத்தில், மன்னார்ப் பெருநிலத்திலும் வன்னியிலும் மணமானோரைப் படைக்குப் பிடிக்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கையில் பெற்றோர் பதின்பருவப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டுவித்தனர். உயிர் காக்கச் செய்த காரியம். அவர்களைக் குறைகூற யாருக்கு வாய் உண்டு? ஆயினும் அன்று மணவறையில் அமர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் எதனை விழுங்கிக்கொண்டு அமர்ந்தனர் என்பது எப்பதிவிலும் வராது.

மணம் வேண்டாதவனுக்குக் கத்தோலிக்க ஊர்களில் ஒரு வழி காட்டுவர்: குருமடம். பெண்களை ஏறிட்டுப் பாராத பையனைக் கண்டதும் ‘இவன் சுவாமியாராவான்’ என்று முதியோர் மகிழ்வர். ஆனால் துறவு என்பது உள்ளதொன்றைக் காணிக்கையாக்குதல். இல்லாததை எவ்வாறு காணிக்கையாக்குவது? அன்றியும், 2005 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், ஆழ வேரூன்றிய தன்பால் நாட்டமுடையோரைக் குருமடத்திற் சேர்க்கலாகாது என்றது. ஆக, ஊர் திறந்துவிடும் கதவை உரோமாபுரி சாத்துகிறது.

நம் பழைய இலக்கியம் கைகொடுக்குமா என்று தேடினேன். தொல்காப்பியம் அகத்தை ஏழு திணையாக வகுத்தது. ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை உண்டு. பொருந்தாக் காமத்துக்குப் பெருந்திணை உண்டு. காமமே இல்லாதவனுக்குத் திணை இல்லை. மணத்தை வேண்டாத பெண்ணுக்கு மரபில் இடமுண்டா என்றால் உண்டு; அதன் விலை கொடியது. இளமையிலே மணம் பேசியபோது பிள்ளையாரை வேண்டி முதுமையைப் பெற்றாள் ஔவை என்று கதை வழங்குகிறது. 1953 இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த திரைப்படம் அதனை ஊரூராகக் கொண்டுசென்றது. காரைக்காலம்மையாரோ கணவன் விலகிய பின் தம் உடலின் தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல இளம் உடலையே பறிகொடுக்கவேண்டியிருந்தது என்பதை நம் முன்னோர் இறையருளாகவே கண்டனர்.

ஆணுக்கு ஆண்மீதுள்ள பேரன்பை மரபு மறுக்கவில்லை; அகத்தில் வைக்காது புறத்தில் வைத்தது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் கண்ணாற் கண்டறியாத பாண்டிநாட்டுப் பிசிராந்தையாருக்கு அருகில் இடம் ஒதுக்கச் சொன்னதும், அவர் வந்து உடனிருந்து உயிர்விட்டதும் புறநானூற்றிலுள்ள செய்தி. இவர்களுக்கு இன்றைய பெயர்களைச் சூட்ட எனக்கு உரிமையில்லை, அது வரலாறாகாது. ஆயினும் உடல் ஒருமுறையேனும் அருகிருந்து அறியாத அன்பொன்று தமிழில் உச்சமான அன்பாக வைத்தெண்ணப்பட்டது என்பதை மறுப்பாரில்லை.

சொல்லும் மெல்ல மாறி வருகிறது. 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தம்மிடம் பாதுகாப்பு நாடி வந்த இரு பெண்களின் வழக்கில், இப்பொருளில் தமக்கே அறிவு போதாதென்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளரிடம் கற்றபின் தீர்ப்பு எழுதினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022 இல் தமிழ்நாட்டு அரசு மதிப்பான சொற்களின் தொகுதியொன்றை அரசிதழில் வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பு’ என்பது இன்று பத்திரிகைகளிலும் வழங்கத் தொடங்கியுள்ளது. சேர்க்கை போய் ஈர்ப்பு வந்தது. ஈர்ப்பென்று சொன்னபின் அது காதலின் ஈர்ப்பா, காமத்தின் ஈர்ப்பா என்று பகுத்துப் பேசவும் வழி பிறக்கிறது. காதலுக்கும் காமத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழிக்கு இது அரிய காரியமன்று.

இவற்றுள் சிலவற்றை நான் மாணவனிடம் சொன்னேன். நீ இன்னான் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. தாளிற் கேட்ட வினாவை வாயால் ஒருமுறையும் அவன் கேட்டதில்லை. புறநானூற்றை மட்டும் இரவல் வாங்கிச் சென்றான். இரண்டு வாரம் கழித்து நூலகத் திண்ணையில் வந்து நின்றான். தம் தலை நரைக்காமைக்குக் காரணங் கூறும் பாட்டில் பிசிராந்தையார் மாண்புடைய மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையும் முதலில் வைக்கிறாரல்லவா, அதனை அடிக்கோடிட்டிருந்தான். சோழனோடு வடக்கிருக்க வந்த பொத்தியாரை, மனைவிக்கு மகப்பேறு ஆனபின் வா என்று திருப்பியனுப்பியதையும் குறித்திருந்தான்.

“இவங்களுக்கும் மனைவி பிள்ளைகள் இருந்திருக்காங்களே, சேர்” என்றான்.

இருந்தார்கள் என்றேன். நூலைத் திருப்பித் தராமல், இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாமா என்று கேட்டான்.